கேம்பெல்காரி குத்திய ஊசி

மகளே,

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். ஒரு வரி எழுதினால் எழுந்து நடக்கத் தோன்றுகிறது. அப்பாவுக்கு இருமல்தான், பயப்படாதே.

முதல் நாள் ரத்தம் எடுக்க வந்த நர்ஸின் சட்டையில் ‘கேம்பெல்’ என்ற பெயரைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“கிளென்கோவுல எங்க வீட்டுலயே தின்னு தூங்கிட்டு எங்களையே வெட்டின கேம்பெல் கூட்டமாச்சே! எங்க மெக்டொனால்டு ரத்தம் இன்னும் வேணுமா?”

“அது முந்நூறு வருஷத்துக் கதை, பெரியவரே. இன்னைக்கு ஒரு சின்னக் குப்பி போதும். கையை நீட்டுங்க.”

சிரித்துவிட்டார். மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைக் கேட்டு உன் கல்யாணத்துக்கே வராத மனுஷர், சிரித்தார்!

இன்று அவளுக்கு லீவு. யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. “அந்த கேம்பெல் பொண்ணு எங்க?” என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை நேரில் சொல்கிறேன்.

பனியில் ரோடு மூடிக் கிடக்கிறது. திறக்கும்வரை காத்திருக்காதே, ரயிலைப் பிடி. வந்ததும் கதவருகே நின்று தயங்காதே. அவர் கேட்பது ஒரு கேம்பெல் பொண்ணைத்தானே? நீயும் இப்போது அதுதான்.

உன் அம்மா