நாலாவது பாட்டின் முதல் குரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பன்னிரண்டு பேர். இரண்டு பிடுங்கல், ஒரு ரூட் கெனால், மீதியெல்லாம் அடைப்பு. துறவிகள் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஆறு வரை பாடினார்கள்.

டாக்டரம்மா அந்தத் துறவிகளின் பாட்டு சிடியை வாங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. "டிரில் சத்தம் பாதியா கொறஞ்ச மாதிரி இல்ல?" என்று தினம் என்னைக் கேட்கிறார். ஒன்பது வருடமாக அவர் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சு குழாய் பிடிக்கிறவள் நான். டிரில் அப்படியேதான் அலறுகிறது. ஆனால் நாற்காலியில் படுப்பவர்கள் கைப்பிடியை இறுக்குவதில்லை, அது உண்மை.

கிரகோரியன் பாடலாம், கிறிஸ்தவ மடங்களில் துறவிகள் பாடுவது. லத்தீன். ஒரு வார்த்தை புரியாது. தாளம் இல்லை, வாத்தியம் இல்லை. இருபத்திரண்டு ஆண்கள் ஒரே குரலாக ஏறி இறங்குகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஊரே பைத்தியமாக அலைகிறது. முடிதிருத்தும் கடையில் அது, புத்தகக் கடையில் அது, கீழ் வீட்டுக் குழந்தை அதைப் போட்டால்தான் தூங்குகிறதாம். கன்னம் வீங்கி வந்த வங்கி மேலாளர் சொன்னார்: "எனக்கு சாமி நம்பிக்கை எல்லாம் கெடையாதும்மா. ஆனா நாள் பூரா எல்லாரும் என்கிட்ட எதையாவது கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவங்க மட்டுந்தான் எதுவும் கேக்கல."

ஒன்றை மட்டும் நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சிடி அட்டையில் இரண்டாவது வரிசை, இடமிருந்து நாலாவது ஆள். விடைத்துக்கொண்டு நிற்கும் அந்தக் காது என் அண்ணனுடையது.

மார்ச் 7, வெள்ளி

சொல்லித் தொலைத்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் மட்டும்தான். சாயங்காலத்துக்குள் காத்திருப்பு அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. "உங்க அண்ணனா! எந்தக் குரல்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எந்தக் குரல்? கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா? கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 12, புதன்

ஐந்து நாள், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஹெட்போன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும்.

கிடைத்துவிட்டது! நாலாவது பாட்டு. எல்லோரும் சேர்ந்துகொள்வதற்கு முன்னால் ஒரே ஒருவர் தனியாக எடுத்துக் கொடுக்கிறார். கனமான, நிதானமான குரல். அவனேதான். வேறு யாராக இருக்க முடியும்? கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன். தயிர்சாத டப்பாவில் கண்ணீர். நல்ல கூத்து.

மார்ச் 13, வியாழன்

சிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அம்மா இரண்டு நிமிடம் கேட்டாள், அட்டையைப் பார்த்தாள், பொத்தானை அமுக்கினாள். "அந்த மடத்துப் பாட்டு இந்த வீட்டுக்கு வேணாம்."

பதினோரு வருடம். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, கை நிறையத் தொழில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு காலையில் அண்ணன் கடிதம் எழுதி வைத்துவிட்டு மடத்தில் சேரப் போனான். அன்றிலிருந்து 'பிள்ளை' என்ற சொல்லே அவள் வாயில் வந்ததில்லை. மாதம் ஒரு கடிதம் எழுதுகிறான். உறையில் 'அம்மாவுக்கு' என்று இருக்கும். அம்மா அதை என் பக்கம் தள்ளி, "உனக்கு வந்திருக்கு" என்பாள்.

அவளுக்குக் கோபம் இருக்கலாம். எனக்கு இல்லையா? விட்டுவிட்டுப் போனது என்னையும்தான். ஆனாலும் அவன் குரலை அவள் ஒருதடவையாவது கேட்டே ஆகவேண்டும். இது நான் எடுத்த முடிவு.

மார்ச் 19, புதன்

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. நாலு நாளாகக் கிராம்பை வைத்து ஒப்பேற்றுகிறாள். கடவுளே என்னை மன்னித்துவிடு, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நாற்காலியில் படுத்து, வாயில் பஞ்சு, நாக்கு மரத்துப்போன ஒருத்தியால் பாட்டை நிறுத்து என்று சொல்ல முடியாது.

மார்ச் 24, திங்கள்

இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை.

யாரையும் படுக்க வைத்ததும் நான் சொல்கிற வழக்கமான வார்த்தையை அம்மாவிடமும் சொன்னேன்: "வலிச்சா இடது கையத் தூக்கு." ஊசி போட்டாயிற்று. நான் நாலாவது பாட்டை வைத்தேன். தனிக்குரல் ஆரம்பித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது. எல்லோரும் சேர்ந்து முதல் வரியை முடித்தார்கள். அம்மாவின் இடது கை மேலே போயிற்று.

டாக்டரம்மா உடனே நிறுத்தினார். "வலிக்குதாம்மா?" இல்லை என்று தலையாட்டி, பஞ்சைத் தானே பிடுங்கிப் போட்டாள். பாதி மரத்த வாயோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவன் இதுல இல்லடி."

"அம்மா, அந்தத் தனிக்குரலே அவன்தான்மா."

"பெத்தவளுக்கே காது குத்துறியா? அவன் என்னைக்குடி எதையாவது மொதல்ல ஆரம்பிச்சிருக்கான்? ரேடியோவோட பாடினா, ரேடியோக்காரன் முடிச்சு அரை மூச்சு கழிச்சுத்தான இவன் முடிப்பான்? இங்க அத்தன பேரும் ஒண்ணா முடிக்கறாங்க. அவன் இருந்தா முடியுமா?"

பிறகு வாயைத் திறந்து படுத்துக்கொண்டாள். பல் வெளியே வந்துவிட்டது. நான் குழாயைப் பிடித்தபடியே நின்றேன்.

எனக்கு அது எப்படி மறந்தது? அந்த அரை மூச்சு! அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கேலி பண்ணினதே நான்தானே. இருக்கிறதிலேயே நல்ல குரலாகப் பார்த்து அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். காத்திருப்பு அறையில் பெருமை அடிக்க.

மார்ச் 25, செவ்வாய்

அவனுக்கு எழுதினேன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. நாலாவது பாட்டு, தொடக்கக் குரல் நீயா இல்லையா, ஒரே வார்த்தையில் பதில் போடு.

ஏப்ரல் 9, புதன்

பதில் வந்துவிட்டது. முழுசாக எழுதி வைக்கிறேன், இது தொலையக் கூடாது.

"நான் இல்லை. எந்தப் பாட்டிலும் இல்லை. பதிவு செய்ய வந்தவர் முதல் நாளே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் முடித்த பிறகு நான் முடிக்கிறேனாம். உனக்குப் புதுச் செய்தி இல்லை. மடத்துத் தலைவர் ரொம்பச் சங்கடப்பட்டு, நாலு நாள் வாசலில் நின்று வண்டிகளை நிறுத்த முடியுமா என்று கேட்டார். நின்றேன். பால்காரர், தபால்காரர், மரம் அறுக்கிற லாரி, எல்லோரையும் கும்பிட்டு என்ஜினை அணைக்கச் சொன்னேன். போட்டோவுக்கு மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சிடியில் எங்கேயாவது வண்டிச் சத்தம் கேட்டால் சொல், அது என் தப்பு. அம்மாவின் பல்வலி எப்படி இருக்கிறது?"

பல்வலியை நான் எழுதவே இல்லையே? ஓ, அதற்கு முந்தின கடிதத்தில் எழுதியிருக்கிறேன். ஞாபகம் வைத்திருக்கிறான்.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாலும் சரி கேட்காவிட்டாலும் சரி என்று அவள் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். 'வாசலில் நின்று' என்ற இடத்தில் கத்தி நின்றது.

"வெளியில நிறுத்திட்டாங்களா?"

"நாலு நாளும்மா."

"போட்டோவுக்கு மட்டும் உள்ள?"

"ஆமா."

அம்மா எழுந்தேவிட்டாள். பீன்ஸெல்லாம் தரையில். "யாருடி அவங்க? என்கிட்டேருந்து பறிச்சிக்கிட்டுப் போனாங்கல்ல, ஒழுங்கா வெச்சிக்க வேணாம்? பாட விடாம வெளிய நிறுத்த என் பிள்ள என்ன வாட்ச்மேனா?"

என் பிள்ளை. சொல்லிவிட்டாள். அவளுக்கே தெரிந்ததோ என்னவோ, குனிந்து பீன்ஸைப் பொறுக்கினாள். நானும் கூடப் பொறுக்கினேன். கடைசிக் காயை எடுத்தபோது கேட்டாள்: "அங்க போக பஸ் எத்தனை மணிக்கு?"

ஏப்ரல் 10, வியாழன்

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மூக்குடைந்ததுதான். அவர் சிரிக்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் சிடியை முதலிலிருந்து போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஒரு வண்டி கூட இல்லையே" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மா தினம் ஒத்திகை பார்க்கிறாள், தலைவரை என்னென்ன கேட்பது என்று. இன்று கேள்வி பதினேழு. நடுவில் நான் சிரித்துவிட்டேன், திட்டு வாங்கினேன். நல்ல செருப்பு வாங்கியிருக்கிறாள்.

மே 4, ஞாயிறு

ஐந்து மணி நேர பஸ். மடத்துச் சிற்றாலயம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் கையில் அந்த சிடி. எங்களுக்குக் கடைசிக்கு முந்தின பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. துறவிகள் வரிசையாக வந்தார்கள். அண்ணனுக்குத் தலை நரைத்திருக்கிறது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் அழுந்தியது.

பாட ஆரம்பித்தார்கள். முதல் வரி முடிந்தது. எல்லோர் குரலும் நின்றது. அதற்கப்புறம், அரை மூச்சு, ஒரே ஒரு குரல் தனியாக வந்து இறங்கியது.

பதிவு நாலே நாள்தான். மற்ற எல்லா நாளும் அவன் உள்ளேதான் பாடியிருக்கிறான், இப்படியேதான், யாரும் அவனை நிறுத்தவில்லை. இது எனக்கு ஏன் தோன்றவே இல்லை? பதினேழு கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது வரி, மூன்றாவது வரி. ஒவ்வொரு தடவையும் அதே அரை மூச்சு. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மடியில் சிடியை வைத்தபடி உச்சுக் கொட்டினாள். கணவன் பக்கம் சாய்ந்து, "சிடியில இப்படி இல்லையே. யாரோ ஒருத்தர் இழுக்கறாரு" என்றாள்.

அம்மா முன்னால் குனிந்து அவள் தோளைத் தட்டினாள்.

"அது என் பிள்ள" என்றாள். "அவன் முடிக்கட்டும்."