நான்கு சிரிப்பு முகங்கள்

ஏப்ரல் 21, செவ்வாய். கொரோனா ஊரடங்கில் நாலாவது வாரம்.

தினமும் காலை ஏழு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஜோக் போடுகிறேன். பெரும்பாலும் பெங்களூரில் எங்கள் தொம்மலூர் மாடிவீட்டுக்காரரைப் பற்றிய வம்புதான். என் மனைவிகூடப் படிப்பதில்லை. அவள் தம்பி தனசேகர் மட்டும் தவறாமல் நான்கு சிரிப்பு முகங்கள் அனுப்புவான். நகரின் மறுகோடியில், பீன்யாவில் லேத் பட்டறையை மூடியதிலிருந்து ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறான். மச்சானுக்கு என்ன ரசனை என்று நான் பூரித்துப் போயிருந்தேன்.

இன்று மதியம் அந்தப் பாராட்டை நேரில் கேட்கும் ஆசையில், மொட்டைமாடிக்குப் போய் வீடியோவில் கூப்பிட்டேன். முகமெல்லாம் தாடி. பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தான்.

"என்னடா மச்சான், காலைல அவ்ளோ சிரிச்ச?"

"நான் படிக்கிறதே இல்ல மாமா. எழுந்திரிக்கவே தோணல, படுத்தே கெடக்கறேன். உயிரோட இருக்கேன்னு அக்காவுக்குத் தெரியணும்ல, அதான் போடறேன்."

எனக்கு நக்கல் எதுவும் வரவில்லை. "நாளைக்குச் சிரிப்பெல்லாம் வேணாம். ஏழு மணிக்கு நானே கூப்பிடறேன், போனை எடு."

"பேசறதுக்கு என்ன மாமா இருக்கு?"

கீழே வந்ததும் மனைவி கேட்டாள், "தம்பி எப்படிங்க இருக்கான்?"

"நல்லா சிரிக்கிறான்" என்றேன். ஊர் வம்பு அத்தனையையும் அவளிடம் ஒப்பிக்கிற வாய், இதை மட்டும் விழுங்கிவிட்டது.

ஏழு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அவன் எடுத்த பிறகுதான் அவளிடம் சொல்ல வேண்டும். எடுக்க வேண்டும்.