மூன்றாவது சுற்றில் என்னைப் பறக்கவிடாதவளுக்கு

இன்று காலை லைனிங் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்தேன். தோலும் அதை ஒட்டுகிற சொல்யூஷனும் நாறுகிற எங்கள் செக்‌ஷனில் புது நைலான் வாசனை குப்பென்று அடித்தது. உடனே உன் மூஞ்சிதான் வந்து நின்றது. செத்தும் விடமாட்டாயா நீ?

தங்கமானவள், நல்ல மனசு என்று உன் காரியத்தில் ஆளாளுக்குப் பேசினார்களாம். நான் வரவில்லை. வந்திருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது.

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி, ஒரே ஸ்டிச்சிங் லைன், பக்கத்துப் பக்கத்து மெஷின் நமக்கு. மலைமேல் இருந்த, துணிச் சிறகை விரித்துப் பறக்கிற பாராகிளைடிங் கிளப்புக்குக் கிழிந்த பைகளையும் பட்டைகளையும் தைத்துக் கொடுக்கப் போனோம். கூலி வேண்டாம், பறக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டது நீதான். நான் வரமாட்டேன் என்று பின்வாங்கினேன். "இன்னாடீ பயம்? மேல போய்ட்டா சூப்பர்வைசர் கூப்புட்டாக்கூட கேக்காது" என்றாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ஏறினேன்.

அப்புறம் அந்தப் போட்டி. மலை விளிம்பிலிருந்து ஓடிக் கிளம்பி, கீழே மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தின் நடுவில் இறங்க வேண்டும். மூன்று சுற்று. முதல் சுற்றில் என் குதிகால் நடுப்புள்ளியிலேயே விழுந்தது. நீ வட்டத்துக்கு வெளியே புல்லில் போய் உட்கார்ந்தாய். பிறந்ததிலிருந்து எதிலும் முதலாவதாக வராதவள் நான். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது. காற்று என்னைக் கீழே விடவே இல்லை. வட்டத்தைத் தாண்டி வேலிகாத்தான் முள்ளில் போய் விழுந்தேன். நீ நடுவில் இறங்கினாய். இரண்டு பேரும் சமம். கோப்பை யாருக்கு என்பது கடைசிச் சுற்றில்தான்.

முள் என் கிளைடரின் நைலான் துணியை ஒரு சாண் கிழித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில், எங்களை மலைக்கு ஏற்றிப்போகிற ஜீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தேன். பையில் இருந்தது தோல் தைக்கிற ஊசி. அதன் முனை பட்டையாக, கத்தி மாதிரி இருக்கும்; தோலை அறுத்துக்கொண்டு போகும். துணியில் ஏற்றினால் இழையையே அறுத்துவிடும். பன்னிரண்டு வருடம் தோலிலேயே ஓடின கைக்கு அந்த நினைப்பு வரவில்லை. நெருக்கமாக, அழகாகத் தைத்து வைத்தேன்.

மூன்றாவது சுற்றுக்கு மலை விளிம்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு நின்றேன். நீ வந்து அந்தத் தையலைத் தடவிப் பார்த்தாய். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாய். சர்ரென்று கிழிந்தது. "சார், இவ பறக்கக் கூடாது! தோல் ஊசியால தெச்சி வெச்சிருக்கா!" என்று கத்தினாய். மைக் வைத்திருந்தவர் அதை அப்படியே மைக்கில் சொன்னார். ஷூ கம்பெனி டெய்லருக்கு ஊசி தெரியவில்லை என்று கூட்டமே சிரித்தது. பட்டியலில் என் பெயரை அடித்தார்கள். நீ பறந்தாய், ஜெயித்தாய், கோப்பையோடு பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டாய். துரோகி.

திங்கட்கிழமை லைன் முழுக்க அதே பேச்சு. வேறு மெஷின் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று வருடம் உன்னோடு பேசவில்லை. கேன்டீனில் எதிரில் வந்து உட்கார்ந்தால் தட்டோடு எழுந்து போனேன். நீயும் ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு திமிர் உனக்கு.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியிலிருந்து உன் தங்கையை அனுப்பினாய். கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு அவள், "எங்கக்கா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. அன்னிக்குத் தனியா கூப்ட்டு சொல்லியிருந்தா நீங்க பறக்காம நின்னிருப்பீங்களா?" என்றாள்.

"நின்னிருப்பேன்னு போய்ச் சொல்லு. தோஸ்த் சொன்னா கேக்க மாட்டேனா? ஊரக் கூட்டித்தான் சொல்லணுமா?" என்று கத்தி அனுப்பினேன்.

அவள் அப்படியே வந்து சொன்னாளாம். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். மறுநாள் போய்விட்டாய்.

அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கினதற்கு உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனால் நான் சொல்லி அனுப்பினது பொய்டீ. தனியாகச் சொல்லியிருந்தால், கோப்பைக்காக வயிறெரிந்து சொல்கிறாய் என்று உன்னைத் தள்ளிவிட்டு ஓடியிருப்பேன். அந்தக் கிழிசலோடு கிளம்பியிருப்பேன். அது உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்த உன்னை, தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைக்க வைத்து அனுப்பினேன்.