இரண்டு காணவில்லை, ஐந்து கிடைத்தன

ஜூலை 5, சனி

எழுந்ததும் முதல் வேலையாகப் பத்து விரல்களிலும் நகத்தை ஒட்ட வெட்டினேன். பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து நேராகப் போர்ட் கிள்ளான். படகின் எஞ்சின் மூடியைத் தூக்கி, கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வை அடைத்து, பம்ப் தகட்டின் ஆறு ஸ்குரூக்களையும் கழற்றினேன். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர். இது சுழன்று தண்ணீரை இழுத்தால்தான் எஞ்சின் குளிரும். ஆறு இதழ்களில் இரண்டு இல்லை.

அடுத்த ஞாயிறு பந்திங்கிலிருந்து கமலநாதன் படகை வாங்க வருகிறார். எஞ்சின் சூடேறாமல் ஓடினால்தான் எடுப்பாராம். மெக்கானிக்குக்கு மாதக் கடைசி வரை நேரமில்லை. நானே மாற்றுகிறேன் என்றதும் என் கணவர் கால்வின் சிரித்தார்.

“நீயா? எஞ்சினக் கெடுத்ததே நீதானே.”

உண்மைதான். போன வருடம் பிப்ரவரியில் தீவிலிருந்து திரும்பும்போது சுக்கான் என் கையில் இருந்தது. அலாரம், புகை. மீன்பிடிப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. சர்ச் நண்பர்கள் எல்லோரும் கூட இருந்தார்கள். “பெர்னிஸ் எஞ்சின ரொம்ப முறுக்கிட்டா லா,” என்றார் கால்வின் அவர்களிடம். அதன் பிறகு நான் சுக்கானைத் தொடவில்லை. விற்கலாம் என்றபோது முதலில் தலையாட்டியதும் நான்தான்.

ஜூலை 7, திங்கள்

வேலை முடிந்து கிள்ளானில் உதிரிபாகக் கடை. பழைய சக்கரம் இருந்த டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தேன்.

“என்னக்கா, மத்தியானச் சாப்பாடா?” என்றார் கடைக்காரர் ரிஷி. பிறகு எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு இதழ் எங்க?”

“தெரியலையே.”

“தேடிப் பிடிங்கக்கா. தண்ணியோட முன்னால போய் எங்கேயாச்சும் அடைச்சிருக்கும். அது உள்ள இருந்தா புதுசு போட்டும் சூடுதான். வீட்டுக்காரர் எண்ணிப் பாக்கலயா?”

“மாத்தப்போறது நான்.”

“அப்ப சரி, boss,” என்று புது இம்பெல்லரோடு, தகட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டையும் சேர்த்து எடுத்து வைத்தார். வீடு வரும் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆபீஸ் மீட்டிங்கில் விரலை முகர்ந்து பார்த்தேன். இன்னும் டீசல் வாடை. பிடித்திருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

லீவு எடுத்தேன். பம்ப்பிலிருந்து போகும் குழாயைத் தொடர்ந்து போனால் எஞ்சினைக் குளிர்விக்கும் உருளை. அதன் மூடியைக் கழற்றி விரலை விட்டேன். ஒரு துண்டு வந்தது. கத்திவிட்டேன்; பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டாவதும் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். விரலில் இன்னும் ஏதோ இடறியது. மூன்று. நான்கு. ஐந்து.

இரண்டுதானே காணவில்லை?

ஒரு துணியில் வரிசையாக வைத்தேன். இரண்டு மிருதுவாக இருந்தன. சக்கரத்தில் வைத்தால் பொருந்தின. மற்ற மூன்றும் கல் மாதிரி இறுகி, உப்புப் படிந்து — அதற்கு முந்தைய சக்கரத்தினுடையவை. அதை மாற்றியது கால்வின். அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய கிறிஸ்துமஸ் விடுமுறையில். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். பழையதில் எத்தனை இதழ் மிச்சம் என்று எண்ணவே இல்லை.

அப்போ நான் இல்ல. நான் முறுக்குனதால இல்ல. இந்த மூணு துண்டு அடைச்சதால. பதினேழு மாசம் — ஏன் ஒரு கேள்விகூட கேக்காம ஒத்துக்கிட்டேன்?

கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஜூலை 12, சனி

பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, சுழலும் பக்கமாகத் திருகிக்கொண்டே அழுத்தினேன். ஆறு இதழ்களும் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்தன. கேஸ்கெட், தகடு, ஸ்குரூ. வால்வைத் திறந்தேனா? திறந்தேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன். சாவியைத் திருப்பிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன். எட்டு எண்ணுவதற்குள் புகைக்குழாய் தண்ணீரைத் துப்பியது. படகைக் கரையில் கட்டியபடியே எஞ்சினை நாற்பது நிமிடம் ஓட்டினேன். வெப்பம் காட்டும் முள் எண்பதைத் தாண்டவில்லை.

மாலையில் ஐந்து துண்டுகளையும் கால்வின் முன்னால் வைத்துச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நான் எண்ணல, பெர்னிஸ்.”

“தெரியும்.”

“சரி விடு. நாளைக்குக் கமலநாதன் முன்னால நீயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டு. சட்டுனு எடுத்துக்குவாரு.”

அவ்வளவுதான். டிவியைப் போட்டார்.

படகின் பதிவு என் பெயரில். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. காலையில் கமலநாதன் பந்திங்கிலிருந்து கிளம்புவதற்குள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுச் சொல்லிவிட வேண்டும். ஏழரைக்குக் கடலில் நீர் ஏறியிருக்கும். தீவுக்குப் போகிறேன், நான் ஓட்டி. கால்வின் வருவதென்றால் முன்னால் உட்கார இடமிருக்கிறது.