முழு மதிப்பெண்காரியின் சோம்புத் தண்ணீர்

மார்ச் 4
நெஹேமியாஸ் பிறந்து பன்னிரண்டு நாள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று எங்கள் டொட்டோனிகபான் மலையில் எந்தத் தாயும் ஒப்பிப்பாள். ஒப்பிக்க வைத்தவள் நான், நர்ஸ் இமெல்டா. வினாத்தாள் கொடுத்து மதிப்பெண்ணும் போடுகிறேன். என் சொந்த மகனோ கவ்வுகிறான், கத்துகிறான், விடுகிறான். எப்படிக் கவ்வ வேண்டும் என்று வகுப்பில் காட்டும் பட அட்டையை அவனுக்கும் காட்டினேன். படிக்கிற பிள்ளையாகத் தெரியவில்லை.

மார்ச் 6
இரண்டு காம்பிலும் வெடிப்பு. என் கணவர் ஹசிந்தோ, "ஊருக்கே பாடம் எடுக்கிறவளாச்சே நீ!" என்றார். அவரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன்.

மார்ச் 7
கொடுத்துவிட்டேன். சோம்பு போட்டுக் காய்ச்சிய தண்ணீர், இரண்டு கரண்டி. கதவைச் சாத்திக்கொண்டு, திருடி மாதிரி. குடித்தான், தூங்கினான். நானும்.

மார்ச் 11
தினம் நான்கு வேளை ஆகிவிட்டது. வயிறு நிறைந்தவன் ஏன் உறிஞ்சுவான்? உறிஞ்சாமல் பால் எப்படி ஊறும்? இதுவும் நான் எடுக்கிற பாடம்தான்.

மார்ச் 13
பிறந்தபோது மூன்று கிலோ நூறு. இன்று இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது. தராசைத் திட்டிவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான்.

என் கௌரவத்துக்காகப் புள்ளையைப் பட்டினி போட்டேனே — யார்கிட்டயாவது கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பேன்? பாவி, பாவி.

மார்ச் 14
பக்கத்து வீட்டு பெட்ரோனிலாவை நானே கூப்பிட்டேன். என் வினாத்தாளில் இருபதுக்கு ஐந்து வாங்கியவள். ஐந்து பிள்ளைகளும் கொழுகொழுவென்று வளர்கிறார்கள்.

"சோம்பு வாசனை வருதே, நர்ஸம்மா?"

"சமையலுக்கு."

"அடியாத்தீ, புள்ள வாயிலயா சமைக்கிறீங்க?"

முதலில், ஊர் வழக்கப்படி பால் ஊறட்டும் என்று என்னை ஆவிக்குளியல் அறைக்குள் தள்ளினாள். ஆவியில் பால் ஊறாது என்று வகுப்புக்கு வகுப்பு முழங்கிய வாய், உள்ளே வியர்த்துக்கொண்டு மூடிக் கிடந்தது. முதுகுவலி விட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு பிள்ளையை என் வயிற்றோடு வயிறாகத் திருப்பி, அவன் வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, சட்டென்று சேர்த்துப் பிடித்தாள்.

"வெறும் காம்பைக் குடுத்தா கடிக்காம என்ன செய்வான்? கருப்பு வட்டமும் சேர்ந்து உள்ள போகணும்."

வலிக்கவில்லை. அவன் விழுங்கும் சத்தம் கேட்டது. என் அட்டையில் இருக்கும் படம் அச்சு அசல் இதுதான்.

மார்ச் 16
சோம்புத் தண்ணீர் நின்றது. நேற்று மட்டும் பதினான்கு தடவை குடித்தான். நான் நர்ஸா, மாட்டுப் பண்ணையா?

மார்ச் 28
மூன்று கிலோ இருநூற்றைம்பது! ஹசிந்தோவோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் 9
விடுப்புதான், இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "தண்ணீர் கொடுத்தவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கையும் எழவில்லை. என் கையைத் தூக்கினேன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு கை, இன்னொரு கை — எண்ணினேன், பதினேழு. ஆறு வருடமாக 'ஒருவரும் இல்லை' என்று அறிக்கை அனுப்பியிருக்கிறேன். வினாத்தாளைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்து, எந்த நாளில் கொடுத்தார்கள், ஏன் என்று கேட்டேன். மத்தியானம்வரை பேசினார்கள்.