தட்டினார் என்று சொன்னேன்

அக்கா, இன்று மதியம் மகளின் வகுப்பறை வாசலில் நின்றபோது யாரோ ஒரு குழந்தையின் சட்டையிலிருந்து நீலகிரித் தைலம் மணத்தது. உங்கள் கடை வாசம். எதிரே ஒரு பையன் கன்னம் சிவந்து நின்றான். “நான் அடிக்கலம்மா, சும்மா தட்டுனேன்” என்றாள் என் மகள். அவள் வயிற்றில் இருந்தபோது நான் சொன்ன சொல் அது.

அப்போது மலையில் சீசன் நேரம். எங்கள் லாட்ஜுக்கு வந்த கார்கள் உங்கள் கடை வாசலை அடைத்து நின்றன. நகர்த்தச் சொன்ன உங்கள் வீட்டுக்காரரை என் கணவரின் அண்ணன் கன்னத்தில் அறைந்தார். மாடியிலிருந்து நான் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்ததை நீங்கள் கீழிருந்து பார்த்தீர்கள்.

மாலையில் கடைக்காரர்கள் கூடினார்கள். அதற்குள் அவர்கள் பேச்சில் அறைந்தவர் கொஞ்சம் சூடானவர் ஆகியிருந்தார்; தடுக்கக் கையைத் தூக்கிய உங்கள் வீட்டுக்காரர் கை நீட்டியவர் ஆகியிருந்தார். அந்த ஆளுங்களுக்கே முன்கோபம் என்றார் ஒருவர், உங்கள் பக்கம் கையைக் காட்டி. தினமும் உங்களிடம் கடன் சொல்லி ஏலக்காய் வாங்குபவர் அதற்குத் தலையாட்டினார். பிறகு என்னிடம் திரும்பினார்கள். “நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு கண்ணு.”

எனக்குத் தலைப்பிரசவம். சேலம் ஆஸ்பத்திரிக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் என் கனவில் வரும். வீட்டில் கார் அந்த அண்ணனிடம் மட்டும்தான்.

“சும்மா தட்டினாருங்க” என்றேன்.

மன்னிப்புக் கேட்டது உங்கள் வீட்டுக்காரர்.

மறுநாள் தைலம் வாங்குகிற சாக்கில் உங்களிடம் வந்தேன். பாட்டிலைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “எங்க ஊட்டு ஆளு அடிச்சிருந்தா நானும் தட்டுனாருன்னுதான் சொல்லியிருப்பேன் கண்ணு. ஆனா சொல்லிப்போட்டு, அடி வாங்குனவர் கடையிலயே தைலம் வாங்க வந்திருக்க மாட்டேன்.”

அந்த மழைக்காலத்திலேயே கடையை அடிவாரத்துக்கு மாற்றிக்கொண்டு போனீர்கள். போன வருடம் நீங்கள் இறந்த செய்தி சாப்பாட்டின் நடுவே வந்தது. “பாவம், நொம்ப நல்ல பொம்பள” என்ற அண்ணன், ரசம் கேட்டார். நான் ஊற்றினேன்.

இன்று டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். நாக்கில் அந்தச் சொல் தயாராகவே இருந்தது. “அடிச்சிருக்கா டீச்சர்” என்றேன். மகள் என்னை யாரோ போலப் பார்த்தாள். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை, அக்கா. ஐந்து வயதுப் பிள்ளையின் காரில் நான் எங்கும் போக வேண்டியதில்லை.

சேலம் பஸ் அடிவாரத்தில் உங்கள் கடைக்கு முன்னால்தான் நிற்கிறது. உங்கள் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் நான் மகளின் தலையைக் கோதுவதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்தான், அடித்தார் என்று. அதற்கு இரண்டு நிமிடம் போதும். பஸ் அங்கே ஐந்து நிமிடம் நிற்கிறது.