சுருக்கியதும் நீண்ட வீடியோ

குட்டிம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே, வேலை ஓடுகிறது.

கம்ப்யூட்டரில் இடமில்லை, அம்மாவின் வீடியோவைச் சுருக்கிவிட்டு அசலை அழிக்கலாம் என்று நீ சொன்னதற்கு நேற்று கத்திவிட்டேன். இன்று காலை நானே சுருக்கினேன். முதலில் அவள் இருமும் இடங்களை வெட்டியதில் மூன்று நிமிடம் மிஞ்சியது. அதைச் சுருக்கியதும் பத்து வினாடி கூடியிருந்தது. அந்தப் பத்து வினாடியில் அம்மா பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பி, “ஏங்க, ஒரு வீடியோவுக்காகப் புள்ளைய அப்படியா திட்டுவீங்க?” என்கிறாள்.

அவள் போய் ஆறு மாதம் ஆகிறது.

இப்போது மறுபடியும் சுருக்கக் கொடுத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு டெய்லரிடம் கொடு. கோபம் வேண்டாம்மா.

அப்பா

பி.கு.: முடிந்ததும் நீயே போட்டுப் பார். அந்தப் பத்து வினாடி உனக்குத் தெரியவில்லை என்றால், என்னிடம் சொல்லிவிடாதே.